கனரக வாகன லைசன்ஸ் எழுத்துப் பரீட்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், வத்தளைப் பக்கம் வேன் ஓட்டிக்கொண்டும் லொறியில் உதவியாளராகப் போய்க்கொண்டும் இருக்கிற பலருக்கு அடுத்த கனவு கனரக வாகன லைசன்ஸ்தான். ஓட்டுவதற்கு அவர்கள் பயப்படுவதில்லை. எழுத்துப் பரீட்சை என்றதும்தான் தயங்குகிறார்கள். அப்படித் தயங்குகிறவர்களோடு மாலை நேரங்களில் உட்கார்ந்து படிப்பித்து வருகிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு என் பதில்கள் இவை.

சி1, சி, சிஈ என்று மூன்று இருக்கிறதே, நான் எதற்கு விண்ணப்பிக்க வேண்டும்?

நீங்கள் ஓட்டப்போகும் வண்டியின் மொத்த எடையைப் பாருங்கள். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம்தான் நமக்கு அடிப்படை. இப்போதைய ஆங்கில எழுத்து வகைகள் 2009இன் திருத்தத்தோடு வந்தவை. மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரை இருந்தால் அது சி1. சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் நடுத்தர லொறிகள் பெரும்பாலும் இதற்குள் அடங்கும். 17,000 கிலோவைத் தாண்டினால் சி. பின்னால் 750 கிலோவுக்கு மேற்பட்ட இழுவைப் பெட்டியைக் கொளுவி ஓட்டுவதென்றால் சிஈ. துறைமுகத்துக்குள் போய்வரும் கன்டெய்னர் வேலைக்கு இதுதான் வேண்டும்.

இங்கே பலர் குழம்புவது, லொறியில் இப்போது எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்பதைப் பார்த்து வகையைச் சொல்வதால்தான். வெறும் லொறியாக ஓடினாலும் அதன் வகை மாறாது. உற்பத்தியாளரின் தகட்டிலும் பதிவுப் புத்தகத்திலும் உள்ள மொத்த எடைதான் கணக்கு.

லைட் லைசன்ஸ் இப்போதுதான் எடுத்தேன். உடனே ஹெவிக்குப் போகலாமா?

முடியாது. இலகுரக லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடம் முடிந்திருக்க வேண்டும். அந்த இரண்டு வருடத்தை வீணான காலமாக நினைக்காதீர்கள். வேன் ஓட்டும்போதே பெரிய வண்டிகள் சந்தியில் எப்படித் திரும்புகின்றன, மேட்டில் எந்த இடத்தில் கியர் மாற்றுகின்றன என்று கவனித்து வந்தால் பரீட்சையில் பாதி வினாக்கள் கேட்ட கதை போலத்தான் இருக்கும்.

மெடிக்கல் எங்கே எடுப்பது?

தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தில். தலைமையகம் நுகேகொடையில் இருக்கிறது. சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். ஆகவே படிக்கத் தொடங்கும் முன்பே ஓடிப்போய் எடுத்துவிட்டு, பிறகு ஒத்திப்போட்டுக்கொண்டே போகாதீர்கள். கண்ணாடி போடுகிறவர் அதைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். நீரிழிவோ இரத்த அழுத்தமோ இருந்தால் மறைக்க வேண்டாம். மருந்தெடுத்துக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்கு அதைச் சொல்வதால் நட்டமில்லை. மறைத்துவிட்டு இருபது தொன் பாரத்தோடு மயங்கினால் நடப்பதை நினைத்துப் பாருங்கள்.

வினாத்தாள் எப்படி இருக்கும்?

நாற்பது பல்தேர்வு வினாக்கள், ஒரு மணி நேரம். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம் வருகிறது. படித்தவருக்கு அது தாராளம். கொழும்பில் இருப்பவர்கள் பரீட்சைக்குப் பொரலஸ்கமுவைக்கு அருகே வெரஹெரவில் உள்ள அலுவலகத்துக்குப் போவார்கள். புறக்கோட்டையிலிருந்து ஹொரணை போகும் 120ஆம் இலக்க பஸ் அந்த வழியால்தான் போகிறது.

தமிழில் எழுதலாமா? சிங்களத்தில் எழுதினால் சுகமா?

தமிழில் எழுதலாம். வேலைத்தளத்தில் சிங்களம் சரளமாகப் பேசுகிறவர்கள்கூடச் சிலவேளை வாசிப்பில் திணறுவார்கள்; பேசத் தெரிவது வேறு, ஒன்றரை நிமிடத்தில் வாசித்து நான்கு விடைகளை ஒப்பிடுவது வேறு. எந்த மொழியில் பத்திரிகை வாசிக்கிறீர்களோ அந்த மொழியையே தெரிவு செய்யுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் ஒரு சின்ன ஆயத்தம் செய்ய வேண்டும். கராஜில் பிரேக், கிளச், சைட் கண்ணாடி என்று சொல்லிப் பழகியிருப்போம். தாளில் தடுப்பு, பக்கக் கண்ணாடி, பாதசாரிக் கடவை, முந்திச் செல்லல் என்று வரலாம். ஒரு கொப்பியில் இப்படியான சொற்களை எழுதி, எதிரே நீங்கள் அன்றாடம் சொல்லும் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பின்னேரத்தில் முடியும் வேலை.

கடையில் விற்கும் விடைப் புத்தகத்தைப் பாடமாக்கினால் போதாதா?

போதாது. இதைத்தான் எல்லாரிடமும் மன்றாடிச் சொல்கிறேன்.

புத்தகத்தை வாங்குவதில் தவறில்லை, வினா எந்த மாதிரி வரும் என்று தெரிந்துகொள்ள உதவும். ஆனால் "12ஆவது வினாவுக்கு விடை மூன்று" என்று மனனம் செய்கிறவர், வினாவில் ஒரு சொல் மாறினால் விழுந்துவிடுகிறார். "செய்ய வேண்டியது எது" என்று இருந்த வினா "செய்யக்கூடாதது எது" என்று வந்தால், அவர் பாடமாக்கிய சரியான விடையே அவரைக் கவிழ்த்துவிடும். அதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு வினாவும் வீதியில் ஒருநாள் உங்கள் முன்னால் வந்து நிற்கும். அங்கே நான்கு விடை தரமாட்டார்கள்.

அதனால் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் "ஏன்" என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாத வினாக்களை மட்டும் தனியாகப் பிரித்து யாரிடமாவது கேளுங்கள். நூறு வினாவை இப்படிப் படித்தவர், ஐந்நூறு வினாவை மனனம் செய்தவரை விட நன்றாகச் செய்வதைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

எடைக் கணக்கு எனக்கு வராது. விட்டுவிடலாமா?

விட வேண்டாம். மூன்று சொல் தெரிந்தால் போதும். வெற்றெடை என்பது சரக்கில்லாத வண்டியின் எடை. மொத்த எடை என்பது வண்டி, சரக்கு எல்லாம் சேர்ந்து போகக்கூடிய உச்சம். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமே நீங்கள் ஏற்றக்கூடிய பாரம்.

ஒரு லொறியின் வெற்றெடை 5,200 கிலோ, மொத்த எடை 16,200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றக்கூடியது 11,000 கிலோ. 50 கிலோ சீமெந்து மூட்டை என்றால் 220 மூட்டை. முதலாளி "இன்னும் முப்பது போடு, கிட்டத்தானே" என்றால் அது 1,500 கிலோ மேலதிகம். பிரேக்கும் டயரும் அச்சும் அந்த எடைக்குச் செய்யப்படவில்லை. பிடிபட்டால் பொலிஸில் பதில் சொல்வது சாரதிதான், மூட்டை ஏற்றச் சொன்னவர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

அச்சு எடையைப் பற்றியும் வினா வரலாம். மொத்தம் சரியாக இருந்தாலும் எல்லாவற்றையும் பின்னால் குவித்தால் பின்னச்சு மீறும், முன்சக்கரம் இலேசாகி ஸ்டீயரிங் பிடிமானம் குறையும்.

நிறுத்தும் தூரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கேட்கிறார்கள்?

சாதாரண வாகனம் ஓட்டிய பழக்கம் நம்மை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறீர்கள். ஆபத்தைக் கண்டு, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆகிறது என்று வைத்தால் 25 மீட்டர் போய்விட்டது. எயார் பிரேக் வண்டியில் காற்று குழாய் வழியே போய்ச் சக்கரத்தைப் பிடிக்க மேலும் அரை விநாடி அளவு ஆகும். இன்னும் 8 மீட்டர். 33 மீட்டர் கடந்த பிறகுதான் வண்டி வேகம் குறையவே தொடங்குகிறது. ஏறக்குறைய மூன்று நாற்பதடிக் கன்டெய்னர் நீளம்.

வேகம் இரட்டித்தால் நிறுத்தும் தூரமும் இரட்டிக்கும் என்று ஒரு விடை கண்ணைப் பறிக்கும். அதைத் தொடாதீர்கள். பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 30இல் இருந்து 60க்குப் போனால் அது நான்கு மடங்கு.

முன்வாகனத்துக்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்றால், அமெரிக்கக் கனரக சாரதிக் கைநூல்களில் உள்ள ஒரு கணக்கு எனக்குப் பிடிக்கும்: குறைந்த வேகத்தில் வண்டியின் ஒவ்வொரு மூன்று மீட்டர் நீளத்துக்கும் ஒரு விநாடி, வேகம் கூடினால் இன்னொரு விநாடி. 12 மீட்டர் லொறிக்கு நான்கு விநாடி, வேகமாகப் போகும்போது ஐந்து. பேலியகொடையில் அவ்வளவு இடம் விட்டால் மூன்று முச்சக்கரவண்டி நடுவில் நுழையும் என்பீர்கள். நுழையட்டும். திரும்பவும் பின்வாங்கி இடைவெளி விடுங்கள்.

எயார் பிரேக் எனக்குப் புரியவே இல்லை. சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால் பாதிதான் புரியும், கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

எஞ்சின் ஒரு கம்பிரஷரைச் சுற்றுகிறது. அது காற்றை அமுக்கித் தாங்கிகளில் நிரப்புகிறது. தாங்கி நிறைந்ததும் கவர்னர் என்ற பகுதி பம்ப் பண்ணுவதை நிறுத்தும், அழுத்தம் குறைந்ததும் திரும்பத் தொடங்க வைக்கும். பெரும்பாலான லொறிகளில் நிறைந்த அழுத்தம் 7 முதல் 8.5 பார் (காற்றழுத்த அலகு) அளவில் இருக்கும். நீங்கள் பெடலை மிதிக்கும்போது உங்கள் கால்பலம் பிரேக்கை அழுத்துவதில்லை. பெடல் ஒரு வால்வைத் திறக்கிறது, தாங்கியில் உள்ள காற்று போய்ச் சக்கரத்தருகே உள்ள அறைகளைத் தள்ளுகிறது. ஆகவே காற்றில்லை என்றால் பெடலை எவ்வளவு மிதித்தும் பயனில்லை.

நிறுத்து பிரேக்கோ இதற்கு நேர்மாறு. அங்கே பலமான ஒரு ஸ்பிரிங் எப்போதும் பிரேக்கைப் பிடிக்கவே பார்க்கிறது. காற்றுதான் அந்த ஸ்பிரிங்கை அமுக்கி விடுவித்து வைத்திருக்கிறது. காற்று போனால் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைக் கட்டிவிடும். இதைப் புரிந்துகொண்டால் மூன்று நான்கு வினாக்களுக்கு ஒரேயடியாக விடை வந்துவிடும். காற்று ஒழுகினால் ஏன் வண்டி நகராமல் நிற்கிறது? காற்றழுத்தம் குறைந்ததைச் சொல்லும் எச்சரிக்கைச் சத்தம் வந்ததும் ஏன் உடனே ஓரங்கட்ட வேண்டும்? ஏனென்றால் நீங்கள் நிறுத்தாவிட்டால் வண்டி தான் நினைத்த இடத்தில் தானே நின்றுவிடும். அது ஒரு வளைவாகவோ புகையிரதக் கடவையாகவோ இருக்கலாம்.

பெடலை விட்டுவிட்டு மிதித்து, விட்டுவிட்டு மிதித்து ஓட்டுவது சிலரின் பழக்கம். ஒவ்வொரு மிதிப்பிலும் காற்று வெளியேறுகிறது. நெரிசலில் தொடர்ந்து அப்படிச் செய்தால் கம்பிரஷர் நிரப்புவதை விட வேகமாகத் தாங்கி காலியாகும்.

காற்றோடு ஈரமும் தாங்கிக்குள் போய் நீராகத் தேங்கும். நம் கொழும்பு வெக்கைக்கு அது அதிகம். தாங்கியின் அடியில் உள்ள வால்வைத் திறந்து அந்த நீரை வடிக்க வேண்டும். நீர் தேங்கினால் காற்றுக்கு இடம் குறையும், வால்வுகள் துருப்பிடிக்கும்.

முடிந்தால் தெரிந்த ஒருவரின் லொறியில் இதை நேரில் பாருங்கள். எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பிரேக்கை மிதித்து மிதித்து விட்டு மானி முள் இறங்குவதைக் கவனியுங்கள். எந்த இடத்தில் சத்தம் எழுகிறது, எந்த இடத்தில் நிறுத்து பிரேக் விழுகிறது என்று ஒருமுறை கண்ணால் கண்டவர் மறக்கமாட்டார்.

மலை இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்கிறார்களே?

இந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். தாளிலும் இது தவறான விடை, வீதியிலும் தவறு.

கண்டியிலிருந்து கொழும்புக்கு வரும்போது கடுகண்ணாவை இறக்கத்தை எடுங்கள். கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டால் முழுப் பாரத்தையும் பிரேக் மட்டும் தாங்க வேண்டும். பிரேக் சூடேறும். டிரம் சூட்டில் விரியும்போது உள்ளே இருக்கும் பிரேக் ஷூவிலிருந்து விலகுகிறது; ஷூவின் உராய்வும் சூட்டில் குறைகிறது. இன்னும் பலமாக மிதிப்பீர்கள், இன்னும் சூடேறும். கருகிய மணம் வரும்போது பாதிப் பிடி போயிருக்கும். அப்போது கியரைக் கீழே போடலாம் என்று முயன்றால் அந்த வேகத்தில் கியர் விழாது.

இறக்கம் தொடங்கும் முன்பே கீழ்க் கியருக்கு வந்துவிடுங்கள். எஞ்சின் புகை வெளியேறுவதை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸோஸ்ட் பிரேக் இருந்தால் போடுங்கள். வேகம் கூடும்போது உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்து, பிறகு காலை எடுத்துவிடுங்கள். கால் எப்போதும் பெடல் மேலேயே கிடக்கக்கூடாது. மழை நாளில் சக்கரம் வழுக்கினால் எக்ஸோஸ்ட் பிரேக்கை நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் அது ஓட்டுச் சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது.

ஹட்டன், ஹப்புத்தளைப் பக்கம் தேயிலை ஏற்றப் போகப்போகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தரம் படிக்க வேண்டும்.

திரும்பும்போது பின்சக்கரம் ஏன் உள்ளே வெட்டுகிறது?

நீளமான வண்டியின் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போகாது, வளைவின் உள்பக்கமாகச் சுருக்கிக்கொண்டு போகும். வண்டி நீண்டால் வெட்டும் அளவும் கூடும். இடப்பக்கம் திரும்பும்போது அந்த உள்பக்கம்தான் சாரதி சரியாகப் பார்க்க முடியாத பக்கம். சிக்னலில் நிற்கும் லொறியின் இடது இடுக்கில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்பது கொழும்பில் அன்றாடக் காட்சி. பச்சை விழுந்ததும் லொறி இடப்பக்கம் திரும்பினால் அவர் பின்சக்கரத்துக்கும் நடைபாதை விளிம்புக்கும் நடுவே மாட்டிக்கொள்வார்.

அதனால் வினாவில் "இடப்பக்கம் திரும்பும் முன் செய்ய வேண்டியது" என்று வந்தால், சிக்னல் போடுவதோடு நிற்கும் விடையைத் தெரிவு செய்யாதீர்கள். இடது கண்ணாடியைத் திரும்பும் முன்னும், திரும்பிக்கொண்டிருக்கும்போதும் பார்க்க வேண்டும். பின்பக்கத்தை இடது ஓரத்துக்கு நெருக்கமாக வைத்துக்கொண்டால் அந்த இடுக்கில் யாரும் நுழைய இடமிருக்காது.

முன் பம்பருக்கு நேர் கீழேயும் குருட்டிடம் இருக்கிறது. உயரமான கெபினிலிருந்து பார்த்தால், குறுக்கே போகும் ஒரு பிள்ளையின் தலைகூடத் தெரியாது. பாதசாரிக் கடவையில் நிற்கும்போது கோட்டுக்கு முன்னால் இடம் விட்டு நிற்கச் சொல்வது இதற்காகத்தான்.

வீதிச் சைகைகளில் எதை முக்கியமாகப் படிப்பது?

முதலில் வடிவம், பிறகு படம். மஞ்சள் சாய்சதுரம் எச்சரிக்கை. சிவப்பு வளையமிட்ட வட்டம் தடை அல்லது எல்லை. நீல வட்டம் கட்டாயம். எட்டுப் பக்கம் நில், தலைகீழ் முக்கோணம் வழிவிடு.

லைட் லைசன்ஸ் எடுத்த காலத்தில் பொருட்படுத்தாமல் விட்ட சில பலகைகள் இப்போது உங்களுக்கே உரியவை: உயர எல்லை, அகல எல்லை, நீள எல்லை, மொத்த எடை எல்லை, ஓர் அச்சுக்கான எடை எல்லை, லொறிக்குத் தடை. மொத்த எடைப் பலகையையும் அச்சு எடைப் பலகையையும் மாற்றிச் சொல்பவர்கள் பலர். அச்சின் படம் இருக்கிறதா என்று பாருங்கள்.

உயரத்தைப் பற்றி ஒரு கணக்கு. சாதாரண கன்டெய்னரின் உயரம் 2.59 மீட்டர், உயரம் கூடிய வகை 2.90 மீட்டர். கன்டெய்னரை வைக்கும் இழுவைத் தட்டு தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் என்றால், உயரம் கூடிய வகைக்கு மொத்தம் 4.4 மீட்டர் ஆகிறது. உங்கள் வண்டியின் உயரம் தெரியாமல் உயர எல்லைப் பலகையைப் பார்த்து என்ன பயன்? கெபினுக்குள் எழுதி ஒட்டி வையுங்கள்.

வேக எல்லை, மது அளவு?

நகர்ப்பகுதியில் 50, அதிவேக நெடுஞ்சாலையில் உச்சம் 100 என்பவை பொதுவாகத் தெரிந்தவை. ஆனால் வேக எல்லை வாகன வகைக்கேற்ப மாறும். காருக்கு உரியதை லொறிக்குப் போட்டு விடையளிக்காதீர்கள். வினாவில் வாகனத்தின் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டு விடைக்குப் போங்கள்.

இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் மதுசாரம் என்பது சட்ட எல்லை. தாளுக்கு அதை எழுதுங்கள். லொறிக்கு என் எல்லை பூச்சியம்.

பிரைம் மூவர் (கன்டெய்னர் தட்டை இழுக்கும் முன்வண்டி) பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கொளுவுவதன் வரிசை. இழுவைத் தட்டின் உயரம் பொருந்துகிறதா என்று இறங்கிப் பார்ப்பது, மெதுவாகப் பின்னால் போய்க் கொளுவுவது, பூட்டு விழுந்ததா என்று கண்ணால் பார்ப்பது, காற்றுக் குழாய்களையும் மின் இணைப்பையும் பொருத்துவது, கீழ்க் கியரில் முன்னால் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது, அப்புறம்தான் தாங்குகாலைத் தூக்குவது. சத்தம் கேட்டது, பூட்டு விழுந்திருக்கும் என்று நம்பிப் புறப்படக்கூடாது.

சிவப்புக் குழாய் இழுவைத் தட்டுக்குக் காற்றை வழங்குவது. அது கழன்றால் தட்டின் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

கன்டெய்னரின் நான்கு மூலைப் பூட்டுகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒருகொடவத்தைப் பக்கம் யாட்டுக்கு யாட்டு மாற்றும்போது "பக்கத்தில்தானே" என்று பூட்டாமல் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். சுற்றுவட்டத்தில் கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் பெட்டி மட்டும் சரிந்து பக்கத்தில் வரும் கார் மேல் விழும்.

பவுசர் (எரிபொருள் போன்ற திரவங்களைக் கொண்டுபோகும் தாங்கி லொறி) ஓட்டும் எண்ணம் இருக்கிறது. அதற்குத் தனியாகப் படிக்க வேண்டுமா?

இரண்டு விடயம் சொல்கிறேன். பாதி நிறைந்த தாங்கியில் திரவம் அலைபாயும். நீங்கள் பிரேக் பிடித்த பிறகு அது முன்னால் வந்து மோதி வண்டியைத் தள்ளும், வளைவில் பக்கவாட்டில் ஏறிக் குடைசாய்க்கப் பார்க்கும். முழுதாக நிறைந்த தாங்கியை விட அரைகுறைத் தாங்கி சிலவேளை ஆபத்தானது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை.

அடுத்தது, வண்டியில் உள்ள ஆபத்துப் பலகையின் எண். 1203 பெற்றோல், 1202 டீசல், 1075 திரவப் பெற்றோலிய வாயு. உலகம் முழுவதும் ஒரே எண்கள்தான். கொலன்னாவையிலிருந்து வெளியே வரும் பவுசர்களைப் பார்த்தே பழகலாம்.

யூடியூபில் அமெரிக்க லொறிப் பரீட்சை வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அவை உதவுமா?

எயார் பிரேக், இடைவெளி, மலை இறக்கம், வண்டியைச் சுற்றிப் பரிசோதிப்பது எல்லாம் எங்கும் ஒன்றுதான். அவற்றுக்குத் தாராளமாகப் பாருங்கள், படம் போட்டு நன்றாக விளக்குகிறார்கள். ஆனால் அங்கே வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், ஆகவே அவர்களின் ஆபத்தான திருப்பம் வலப்பக்கம். அழுத்தத்தை பிஎஸ்ஐ அளவில் சொல்வார்கள். 60 பிஎஸ்ஐக்கு இறங்கும் முன் எச்சரிக்கை வர வேண்டும் என்பது அவர்களின் பாடம், அது ஏறக்குறைய 4 பார். அவர்களின் வகைப் பிரிப்பு 26,001 இறாத்தல், அதாவது 11,800 கிலோ அளவில் தொடங்குகிறது. நமக்கு 3,500, 17,000. சட்டம், எண், சைகை மூன்றுக்கும் இலங்கைப் புத்தகத்தையே நம்புங்கள்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். வாசிப்பு மெதுவாகத்தான் வரும்.

அப்படியானவர்கள் பாஸ் பண்ணியதைப் பார்த்திருக்கிறேன், நீங்களும் பண்ணுவீர்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால், தினமும் பத்து வினாவை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். கேட்டுப் புரிந்துகொண்டு, அதே வினாவை நீங்களே வாசியுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் கண்ணுக்குப் பழகிவிடும். பிறகு நேரம் வைத்து நாற்பது வினா செய்து பாருங்கள். தொடர்ந்து 35க்கு மேல் வரத் தொடங்கியதும் திகதி எடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

தெரியாத வினாவில் நின்று நேரத்தைத் தொலைக்காதீர்கள். தெரிந்ததையெல்லாம் முதலில் முடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

அண்ணே, காசு கொடுத்தால் "பார்த்துத் தருகிறேன்" என்று ஒருவர் சொல்கிறார்.

கொடுக்காதீர்கள். காசோடு காணாமல் போகிறவர் ஒரு பக்கம். சொன்னபடி செய்து தந்தால் அது இன்னும் மோசம்: பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாத ஒருவரின் கையில் முப்பது தொன் வண்டி. அந்த வீதியில் உங்கள் பிள்ளையும் பள்ளிக்கூடம் போகிறது.

பரீட்சைக்கு முதல் நாள் என்ன செய்வது?

அடையாள அட்டை, இப்போதைய லைசன்ஸ், மெடிக்கல், மூலப்பிரதியும் போட்டோப்பிரதியும் ஒரு கவரில். இரவு ஓட்டம் எடுக்க வேண்டாம். புத்தளத்துக்குப் போய் விடியச் சாமம் திரும்பி, கண் எரிய எரியப் போய் உட்கார்ந்து பெயிலானவர்கள் உண்டு. முதலாளியிடம் ஒரு நாள் லீவு கேளுங்கள்.

பாஸ் பண்ணியதும் கன்டெய்னர் ஓட்டலாமா?

இல்லை. கிடைப்பது பழகுநர் அனுமதிதான். எல் பலகை மாட்டி, தகுதியுள்ள பயிற்றுநரோடு ஓட்டிப் பழகி, செயன்முறைப் பரீட்சை முடிக்க வேண்டும். ட்ரயலுக்குக் கொண்டுபோகும் வண்டி நீங்கள் விண்ணப்பித்த வகைக்குரியதாக இருக்க வேண்டும். சிறிய லொறியில் பழகிவிட்டு ட்ரயல் நாளில் பெரியதைத் தேடி அலையாதீர்கள். லைசன்ஸ் கையில் வந்த பிறகு அதன் கனரகப் பகுதி நான்கு வருடத்துக்குச் செல்லும், இலகுரகத்துக்குப் போல எட்டு வருடமில்லை. முடியும் திகதியை போனில் குறித்து, ஒரு மாதத்துக்கு முன்பே மெடிக்கலுக்குப் போங்கள்.

விபத்து நடந்தால் அழைக்க வேண்டிய இரண்டு எண்களையும் அதே போனில் போட்டு வையுங்கள்: பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990.